இருநூறு வருடத்தில் சரக்குக் கப்பல் மாறவே இல்லையா?

நெடுங்கடல்:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டாவியா' 1628இல் புறப்பட்டு, மறு வருடம் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் பவளப்பாறையில் ஏறி உடைந்தது. அதே மாதிரி ஒரு கப்பலை முழு அளவில் கட்டி 1995இல் நெதர்லாந்தின் லெலிஸ்டாட்டில் நீரில் இறக்கினார்கள். இன்னொரு பக்கம், பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் இறக்கிய 'டிரிங்கோமலி' இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். டிரிங்கோமலி போர்க்கப்பல்தான், ஆனால் அந்தக் காலத்துப் பெரிய வணிகக் கப்பல்களும் தூரத்தில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மூன்று பாய்மரம், குறுக்கே பாய் தொங்கும் பருமல், சதுரப் பாய், மர உடம்பு, சணல் கயிறு, தார். பின்பக்கத்து அலங்காரம் குறைந்திருக்கிறது. அதைத் தவிர என் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் படவில்லை.

பயண நாளும் அதைத்தான் சொல்கிறது. டச்சுக் கம்பெனிக் கப்பல் ஒன்று நெதர்லாந்தில் இருந்து பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா போக 1620களிலும் ஏறத்தாழ எட்டு மாதம், 1770களிலும் ஏறத்தாழ எட்டு மாதம். அதற்குப் பிறகு வந்த நூறு வருடத்தில் நீராவி, இரும்பு, சூயஸ் கால்வாய் என்று எல்லாம் தலைகீழாகிவிட்டன.

அப்படியென்றால் 1600 முதல் 1800 வரை சரக்குக் கப்பல் அசையாமல் நின்றதா? நின்றது என்றால் ஏன்? நின்றதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் ஆதாரத்தோடு திருத்துங்கள்.

ஆவணப்பெட்டி:

நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் பார்த்த இடம் சரியில்லை என்று நினைக்கிறேன். இரண்டுமே ஆள் நிறைய, பீரங்கி நிறைய ஏற்றிக்கொண்டு போகும் பெரிய கப்பல்கள். சரக்குக் கப்பல் எப்படி மாறியது என்று தெரிய வேண்டுமானால் தானியமும் மரமும் உப்பும் ஏற்றிய கப்பல்களைப் பார்க்க வேண்டும். வடகடலிலும் பால்டிக்கிலும் ஓடியவை அவை.

1595ஆம் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் ஹோர்ன் துறைமுகத்தில் பீட்டர் யான்சூன் லியோர்ன் என்ற வணிகர் அகலத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள ஒரு கப்பலைக் கட்டச் சொன்னதாக அந்த ஊரின் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஊரார் முதலில் நம்பவில்லை. சில வருடங்களிலேயே அதைப் பார்த்து எல்லோரும் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் ஃப்ளூட். (டச்சு உச்சரிப்பு கொஞ்சம் வேறு. எனக்கு எழுத வசதியாக இருப்பதால் இப்படியே எழுதுகிறேன்.)

அடியில் தட்டையாக, வயிறு பெருத்து, மேலே போகப் போக உள்வாங்கி, மேல்தளம் குறுகி இருக்கும். பின்பக்கத்தில் இருந்து பார்த்தால் பேரிக்காய் மாதிரி. பீரங்கி கிடையாது, அல்லது பேருக்கு ஒன்றிரண்டு. அகன்ற கிடங்கு. பாய் அளவு அடக்கமாக, பருமல் குட்டையாக, கயிற்றுக்கெல்லாம் கப்பி வைத்து.

இதன் பலன் ஆள் கணக்கில் தெரிந்தது. 200 டன் சுமக்கும் ஃப்ளூட்டைப் பத்துப் பன்னிரண்டு பேர் ஓட்டினார்கள். அதே சுமைக்கு ஆங்கிலேயரின் கப்பலுக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆள் வேண்டும். கப்பல் செலவில் ஆள்கூலியும் சாப்பாடும்தான் பெரிய பங்கு. அந்தப் பங்கைப் பாதியாக்கியவன் வாடகையைக் குறைத்துச் சொல்லலாம். பால்டிக் தானிய வணிகம் முழுக்க டச்சுக்காரர் கைக்குப் போனதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

அப்புறம் இன்னொன்று. 1594 வாக்கில் கொர்னேலிஸ் கொர்னேலிஸூன் என்பவர் காற்றாலையை மரம் அறுக்கும் ஆலையாக மாற்றினார். சுற்றும் அச்சின் அசைவை ரம்பத்தின் மேலும்கீழுமான அசைவாக மாற்றும் வளைதண்டு அதில் இருந்தது. சான் ஆற்றங்கரை முழுக்க அறுப்பு ஆலைகள் வந்தன, பலகை மலிந்தது. கப்பலின் உருவத்தை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படாது.

தோணித்துறை:

ஆவணப்பெட்டி அண்ணாச்சி சொன்ன கப்பி விஷயத்தை நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி. என் தாத்தா கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். எஞ்சின் வருவதற்கு முந்திய தோணியில், பாய் மட்டுமே நம்பி ஓடியவர்.

பெரிய பாயை ஏற்ற ஆஞ்சான் கயிற்றை எத்தனை பேர் பிடித்து இழுப்பார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காற்று சீராக இருக்கும்போது அந்த ஆட்களுக்கு வேலையே இருக்காது. சும்மா படுத்திருப்பார்கள். ஆனால் ஏற்றவும் இறக்கவும், காற்று திரும்பும்போது பாயை மாற்றிப் போடவும் அத்தனை பேரும் வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அத்தனை பேருக்கும் பயணம் முழுக்கச் சோறு போட வேண்டும்.

அதனால் ஆளைக் குறைக்க வேண்டும் என்றால் அந்த அரை மணி நேர வேலையைத்தான் குறைக்க வேண்டும். இரட்டைக் கப்பி போட்டால் ஒருவன் இருவர் வேலையைச் செய்யலாம். நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். பெரிய பாய் ஒன்றைக் கீழ்ப்பாய், மேல்பாய் என்று பிரித்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையாளலாம். இப்படிச் செய்தால் கப்பல் வேகமாக ஓடாது. அதே வேகத்தில் குறைந்த ஆளோடு ஓடும். படத்தில் தெரியாத மாற்றம் என்று அண்ணாச்சி சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நெடுங்கடல்:

ஃப்ளூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டென்மார்க்கின் சுங்கக் கதைதான். எல்சினோர் நீரிணையில் கப்பலின் மேல்தள அகலத்தை அளந்து வரி போட்டார்கள், அதைத் தவிர்க்கத்தான் டச்சுக்காரர் மேலே குறுக்கிக் கட்டினார்கள் என்று படித்தேன். அப்படியானால் அது வரிக்குப் பயந்து வந்த உருவம். தொழில்நுட்பம் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. சரி, 1595இல் ஒரு பாய்ச்சல். அதற்குப் பிறகு? 1650இல் ஃப்ளூட், 1700இலும் ஃப்ளூட். அடுத்த இருநூறு வருடக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆவணப்பெட்டி:

சுங்கக் கதையில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். 1669இல் அளக்கும் முறையை மாற்றிய பிறகு ஃப்ளூட்டின் மேல்தளம் அகலமாகத் தொடங்கியது என்று சொல்வார்கள். ஆனால் முழுக் காரணமும் அதுதான் என்பதை நான் ஏற்க மாட்டேன். மேலே பாரம் குறைந்தால் கப்பல் நிலையாக நிற்கும். பீரங்கி வைக்க இடமே தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டால் அகலமான மேல்தளம் எதற்கு? அந்த முடிவுதான் முதலில் வந்தது. வரி மிச்சமானது கூடுதல் லாபம்.

இது டச்சுக்காரரின் ரகசியமாகவும் இருக்கவில்லை. 1652 முதல் 1654 வரை நடந்த முதல் ஆங்கில டச்சுப் போரில் ஆங்கிலேயர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டச்சுக் கப்பல்களைப் பிடித்தார்கள். அதற்கு அப்புறம் பல வருடங்களுக்கு ஆங்கில வணிகர்கள் அந்தப் பிடிபட்ட கப்பல்களை வைத்தே சரக்கு ஓட்டினார்கள். தங்கள் துறையில் அப்படி ஒன்றைக் கட்டும் பழக்கம் மெதுவாகத்தான் வந்தது. ஏன் தெரியுமா? ஆங்கில ஓடாவிகள், அதாவது கப்பல் தச்சர்கள், பீரங்கி தாங்கும் கட்டையான கப்பல் கட்டிப் பழகியவர்கள். மத்தியதரைக் கடலில் அல்ஜியர்ஸ், டூனிஸ் கொள்ளைக்காரர்களைத் தாண்டிப் போக அது வேண்டும். அங்கே ஆயுதமில்லாத ஃப்ளூட்டை அனுப்புவது கோழிக்குஞ்சைப் பருந்துக்கு முன்னால் விடுவது மாதிரி. ஆக எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்பதைக் கடல்தான் முடிவு செய்தது.

வல்வையூரான்:

நெடுங்கடல் ஐயா கேட்ட "அதற்குப் பிறகு?" என்பதற்கு என்னுடைய பங்கு. 1700க்கு இரு பக்கமும் இரண்டு பெரிய மாற்றங்கள் நடந்தன. இரண்டுமே கப்பல் ஓட்டுகிறவனின் கையில் தெரியும் மாற்றங்கள்.

முதலாவது சுக்கான். 1600களில் பெரிய கப்பலில் சக்கரம் கிடையாது. சுக்கானோடு பொருத்திய நீண்ட கட்டை தளத்துக்கு அடியில் கிடையாக வரும். அதன் முனையில் ஒரு செங்குத்துக் கோல். மேலே உள்ள தளத்தில் ஒரு சுழல்முனை வழியாக அந்தக் கோல் வெளியே வரும். சுக்கான் பிடிப்பவர் அதை இடம் வலமாகச் சாய்ப்பார். சாய்க்கும்போதே கோலைக் கீழே தள்ளவும் வேண்டும். இத்தனை செய்தும் சுக்கான் இரு பக்கமும் சில பாகைதான் திரும்பும். கடும் காற்றில் இந்தக் கோல் போதாது. கீழே போய்க் கட்டையில் கயிறும் கப்பியும் போட்டுப் பலர் இழுக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் நிற்கும் இடம் தளத்துக்குள்ளே. அண்ணாந்து ஒரு சிறு துவாரம் வழியாகப் பாயைப் பார்த்துக்கொண்டு, மேலே இருந்து வரும் கட்டளையைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். 1628இல் மூழ்கி 1961இல் தூக்கியெடுத்த சுவீடனின் 'வாசா' கப்பலில் இந்த அமைப்பு இருக்கிறது.

1700களின் முதல் பத்து வருடத்தில் சக்கரம் வந்தது. உருளையில் சுற்றிய கயிறு கப்பிகள் வழியாகக் கீழே போய்ச் சுக்கான் கட்டையை இரு பக்கமும் இழுக்கும். ஒரே ஆள் மேல்தளத்தில் நின்று, பாயையும் கடலையும் தன் கண்ணால் பார்த்து, சுக்கானை முழு வீச்சுக்குத் திருப்பலாம். ஃப்ளூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பலன் அதே திசையில்: குறைந்த கை, கூடிய கட்டுப்பாடு.

இரண்டாவது முன்பாய். முன்பெல்லாம் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கு அடியில் ஒரு சதுரப் பாய், அந்த மரத்தின் நுனியில் நட்டுவைத்த சிறு பாய்மரத்தில் இன்னொரு சதுரப் பாய். அலை அடித்தால் நனைந்து கனத்துத் தொங்கும், ஏறிக் கட்டுவதும் ஆபத்து. 1700களின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக முக்கோணப் பாய்கள் வந்தன. தளத்தில் நின்றபடியே ஏற்றலாம், இறக்கலாம். காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இன்னும் கொஞ்சம் நெருங்கி ஓடலாம்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாயிலேயே போய்ச் சேர்ந்தது. அதில் இருந்ததும் இதே முக்கோண முன்பாய்தான். எங்கேயோ வடகடலில் தொடங்கிய ஒரு மாற்றம் எங்கள் ஓடாவிகளின் கைக்கு வந்து, அந்தப் பக்கத்து மக்கள் கைவிட்ட பிறகும் எங்களிடம் உயிரோடு இருந்தது.

ஓடாவிவீடு:

எல்லோரும் மாற்றத்தைப் பேசுகிறீர்கள். மாறாததைப் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். மாறாதது எல்லாம் அறியாமையால் நின்றுபோனது என்ற எண்ணம் இந்த இழையில் லேசாகத் தெரிகிறது. அதை மறுக்கத்தான் எழுதுகிறேன்.

பாடப்புத்தகப்படி ஐரோப்பியக் கப்பல் எப்படிக் கட்டப்படும்? முதலில் ஏரா என்ற அடிமரம், அப்புறம் வங்கு என்ற விலா மரங்களை நிறுத்தி எலும்புக்கூடு, அதன்மேல் பலகை. பழைய முறை இதற்கு நேர்மாறு: முதலில் பலகையைப் பிடித்து ஓடு மாதிரி அடியை உருவாக்கி, பிறகு வங்கை உள்ளே வெட்டிப் பொருத்துவது. நமது கரையில் கட்டுபவர்களுக்கு இது தெரிந்த முறை. ஐரோப்பா இதைக் கைவிட்டு முன்னேறியது என்று எழுதுவார்கள். ஆனால் 1600களில் உலகத்திலேயே அதிகக் கப்பல் கட்டியவர்கள் வட ஹாலந்துக்காரர்கள். அவர்கள் பலகையை முதலில் வைத்துத்தான் கட்டினார்கள்! 1671இல் நிக்கோலாஸ் விட்சன் எழுதிய கப்பல் கட்டும் நூலில் படிப்படியாக வருகிறது. பலகைகளைத் தற்காலிகமாக இடுக்கிகளாலும் சிறு கட்டைகளாலும் இணைத்து, அடி முழுமையான பிறகு அவற்றைப் பிடுங்கி, ஆணித் துளைகளைச் சிறு மர முளைகளால் அடைப்பார்கள். ராட்டர்டாம் பக்கத்தில் வங்கு முதலில் வைக்கும் முறை இருந்தது. ஒரே நாடு, ஒரே காலம், இரண்டு முறை. இரண்டுமே லாபமாக ஓடின.

வரைபடம் இல்லாமல் கண்ணளவில் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1697இல் முதலில் சாண்டாமிலும், பிறகு ஆம்ஸ்டர்டாமில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துறையிலும் தச்சராக வேலை கற்றார். உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், ஆனால் ஏன் இந்த வளைவு என்று கணக்காகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அந்தக் குறையோடுதான் அவர் 1698இல் இங்கிலாந்தின் டெட்ஃபோர்டுக்குப் போனார். கேட்டவருக்குக் குறையாகப் பட்டிருக்கலாம். என் பார்வையில் அது வேறு வகை அறிவு. என் வீட்டிலும் பெரியவர்கள் கோலும் கயிறும் வைத்து வளைவு பார்த்தவர்கள். ஒரு தோணி முடிந்து அடுத்தது தொடங்கும்போது "போன தடவை அணியம் கொஞ்சம் மூழ்கியது, இந்தத் தடவை நாலு விரல் ஏற்று" என்பார்கள். ஒரு தோணியில் கண்ட குறையை அடுத்த தோணியில் திருத்தும் முறை அது. ஆமையாக நகரும், ஆனால் நகரும்.

ஃப்ளூட்டை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பால்டிக் கடலில் 2003இல் சுமார் 130 மீட்டர் ஆழத்தில், பாய்மரம் இன்னும் நின்றபடி ஒரு ஃப்ளூட் கிடைத்தது. 1650 வாக்கில் கட்டியது. அதைப் 'பேய்க்கப்பல்' என்றே கூப்பிடுகிறார்கள். 2020இல் பின்லாந்து வளைகுடாவின் வாயிலில் இன்னொன்று, ஏறக்குறைய முழுசாக. அதன் பின்பக்கத்து மரத்தில் 1636 என்ற வருடமும் அன்னப்பறவை உருவமும் செதுக்கியிருந்தன. பால்டிக் நீரில் உப்பு குறைவு, மரம் தின்னும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால்தான் நமக்கு இவை மிச்சம்.

நெடுங்கடல்:

ஓடாவிவீடு, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். மாறாததை அறியாமை என்று நான் எழுதவில்லை, ஆனால் நினைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன்.

என்னுடைய எட்டு மாதக் கணக்குக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. சக்கரம் வந்தும், முக்கோணப் பாய் வந்தும், டச்சுக் கம்பெனிக் கப்பல் ஏன் வேகமாகவில்லை?

உப்புநீர்:

விடை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓடாவிவீடு கடைசியில் சொன்ன புழுவையே பிடித்துக்கொள்வோம்.

கப்பல் புழு உண்மையில் புழு அல்ல, சிப்பி இனம். வெப்பக் கடலில் ஒரு பலகைக்குள் நுழைந்தால் வெளியே ஊசித் துளை அளவுதான் தெரியும், உள்ளே சல்லடையாக்கிவிடும். 1731இல் நெதர்லாந்தின் கடல் தடுப்புகளில் இருந்த மரங்களையே தின்று தீர்த்து நாட்டைக் கலங்கடித்தது. கப்பலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அடியில் பாசியும், கொட்டலசு என்ற ஓட்டு உயிரியும் ஒட்டி வளர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் கப்பல் புல்தரையை இழுத்துக்கொண்டு போவது மாதிரி ஆகிவிடும். எட்டு மாதப் பயணத்தில் கடைசி நான்கு மாதம் அப்படித்தான் போகும். மேலே எத்தனை பாய் மாற்றினால் என்ன?

இதற்குப் பழைய வைத்தியம் பலிப் பலகை. அதாவது நல்ல ஓக் பலகைக்கு மேல், மலிவான பைன் பலகையை ஒரு அடுக்கு அடித்துவிடுவது. நடுவில் தாரும் மாட்டு மயிரும். புழு அதைத் தின்னட்டும். 'பட்டாவியா'வில் இரண்டு அடுக்கு ஓக், அதன்மேல் பைன். கேப்டன் குக்கின் 'எண்டெவர்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1764இல் விட்பியில் நிலக்கரி ஏற்றக் கட்டிய கப்பல். தட்டையடி, பெருத்த வயிறு, ஃப்ளூட்டின் குடும்பம் என்றே சொல்லலாம். அதற்கும் மரப் பலிப் பலகைதான். 1770இன் கடைசியில் பட்டாவியா துறைமுகத்தில் மேலேற்றிப் பார்த்தபோது அடிப்பலகை சில இடங்களில் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு தடிமன்தான் மிச்சம் இருந்தது. அந்த மெல்லிய ஓட்டின்மேல்தான் அத்தனை பேர் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

செம்புத் தகடு அடித்தால் புழு நுழையாது, பாசியும் ஒட்டாது. ஆங்கிலக் கடற்படை 1761இல் 'அலார்ம்' என்ற கப்பலில் சோதித்தது. அடி சுத்தமாக இருந்தது, ஆனால் இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. செம்பும் இரும்பும் உப்புநீரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரும்பு அரித்துப் போகும். மின்வேதியியல் யாருக்கும் புரியாத காலம் அது. அதனால் அடுத்த பதினைந்து வருடத்துக்கு மேல் தயங்கினார்கள். 1779க்கு அப்புறம் போர் அவசரத்தில் கடற்படை முழுக்க அடித்தார்கள், அதன் பிறகு 1780களில் இரும்புக்குப் பதிலாகச் செம்புக் கலவையில் கெட்டியான ஆணி செய்யக் கற்றார்கள். பிரச்சினை அங்கேதான் தீர்ந்தது. தகட்டைவிட ஆணிதான் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1780களில் செம்புக்கு மாறியது. அதற்குப் பிந்திய நாற்பது ஐம்பது வருடத்தில் லண்டனில் இருந்து ஆசியாவுக்கான பயண நாள் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் சுருங்கியது. டச்சுக் கம்பெனி செம்புக்கு மிகத் தாமதமாக வந்தது. 1790களில் கம்பெனியே படுத்துவிட்டது. நெடுங்கடல், உங்கள் எட்டு மாதம் அப்படியே நின்றதற்கு ஒரு முக்கியமான காரணம் இதுதான்.

எல்லோரும் மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நியூகாசிலில் இருந்து லண்டனுக்கு நிலக்கரி ஏற்றியவர்களுக்குச் செம்பு எதற்கு? குளிர்ந்த நீர், குறுகிய ஓட்டம், ஓதம் வற்றும்போது மணலில் உட்கார்த்திச் சுரண்டிக்கொள்ளலாம். செம்பு விலைக்கு அந்தத் தொழில் தாங்காது.

ஆவணப்பெட்டி:

அருமை. இதில் ஒரு பழைய விவாதமும் இருக்கிறது. 1968இல் டக்ளஸ் நார்த் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர், 1600 முதல் 1850 வரை கடல் சரக்குக் கூலி குறைந்ததற்குப் புதிய கருவிகள் பெரிய காரணமில்லை என்று வாதிட்டார். கொள்ளைக்காரர் ஒழிந்ததும், துறைமுகத்தில் சரக்குக்காகக் காத்துக்கிடக்கும் நாள் குறைந்ததும்தான் காரணம் என்றார். அட்லாண்டிக்கில் 1720களில் கொள்ளை அடங்கியதும் வணிகர்கள் பீரங்கியைக் குறைத்து, ஆளைக் குறைத்து ஓட்ட முடிந்தது. ஃப்ளூட்டின் வழி 1595இல் இருந்தே தெரியும், அதை எல்லாக் கடலிலும் பின்பற்றும் தைரியம் வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

அவர் சொன்னதில் நிறைய நியாயம் இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் கப்பல் தினக்குறிப்புகளில் நாள்தோறும் பதிந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தவர்கள், 1700களின் கடைசியில் அதே காற்றில் கப்பல் உண்மையிலேயே வேகமாக ஓடியது என்று காட்டியிருக்கிறார்கள். உப்புநீர் சொன்ன செம்பு அதில் முக்கியமானது. ஆக நார்த் சொன்னது ஃப்ளூட்டின் உலகத்துக்குப் பொருந்தும், ஆசியப் பயணத்துக்கு அப்படியே பொருந்தாது.

சாந்தோம்கரை:

சென்னைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். செம்பு அடித்த, சக்கரம் வைத்த, காலமானி என்ற துல்லியக் கடிகாரத்தால் தீர்க்கரேகை கணக்கிட்டுக்கொண்டு வந்த 1800ஆம் வருடத்துக் கம்பெனிக் கப்பல் சென்னைக்கு வந்ததும் என்ன செய்தது? கரைக்கு வர முடியாமல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. துறைமுகம் இல்லை. மூன்று வரிசையாக அலை உடையும் கரை. இறக்குமதி ஏற்றுமதி அத்தனையும், கவர்னர் உட்பட, மசூலாப் படகில்தான் கரை ஏறின. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு. ஆணி இல்லை, வங்கும் இல்லை. அலை அடித்தால் உடம்பு வளைந்து கொடுக்கும், உடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்தக் கரையில் சிதறிவிடும். 1860களில் இரும்புத் தூண் மேல் கடலுக்குள் நீளும் பாலம் வரும் வரைக்கும் இதுதான் வழி.

காற்றும் மாறவில்லை. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் அக்டோபரிலும் கரைக்கு வெளியே நின்றன. வாடைக்காலத்து முதல் புயலில் பல கப்பல்கள் போய்விட்டன. ஐப்பசியில் சோழமண்டலக் கரையில் கப்பலை வைக்காதே என்பது நம் பரதவர்களுக்கும் மரைக்காயர்களுக்கும் பாடம் படிக்காமலே தெரிந்த விஷயம்.

நெடுங்கடல்:

என் முதல் பதிவைத் திருத்திவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இரண்டு படங்களை வைத்துப் பாயைப் பார்த்தேன். ஆள் எண்ணிக்கையையும் அடிப்பலகையையும் பார்த்திருக்க வேண்டும்.

தோணித்துறை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. உங்கள் தாத்தாவின் தோணிக்கு அடியில் செம்பு அடித்திருந்தார்களா?

தோணித்துறை:

இல்லை தம்பி. சுண்ணாம்பும் எண்ணெயும்தான். சிப்பிச் சுண்ணாம்பை எண்ணெய் விட்டு இடித்து இடித்து மாவு மாதிரி ஆக்கி, பலகை இடுக்குகளை அடைக்கும் கலபத்து வேலை முடித்த பிறகு அடி முழுக்க அப்புவார்கள். காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். இந்தியக் கப்பல்களின் அடியில் இப்படிச் சுண்ணாம்புப் பூச்சு இருப்பதை 1600களில் வந்த ஐரோப்பியர்களே பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று இங்கே வேறொரு இழையில் படித்தேன்.

காற்று இல்லாத மாதங்களில் தோணியைக் கரையில் ஏற்றிச் சாய்த்து வைத்து, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். சின்ன வயதில் அந்தச் சுரண்டிய ஓடுகளைப் பொறுக்கி விளையாடியிருக்கிறேன். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும், இன்னொரு பக்கம் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கும். ஒன்றிரண்டு வீட்டில் எங்கேயாவது கிடக்கும். தேடிப் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறேன்.